இரண்டு டிஸ்க், ரெய்டு-1, ஸ்வாப்: தோட்ட ஆபீஸ் சர்வருக்கு

ஹட்டன் பக்கத் தேயிலை ஃபெக்டரி ஒன்றில் கொழுந்து நிறுவையும் செக்ரோலும் (வேலை நாள், சம்பளப் பதிவு) ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடுகின்றன என்று வையுங்கள். டேட்டா ரெய்டு-1இல், அதாவது இரு டிஸ்க்கிலும் ஒரே பிரதியாக, இருக்கும். ரேம் போதாதபோது அதன் பக்கங்களை ஒதுக்கிவைக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப் மட்டும் இரு டிஸ்க்கிலும் தனித்தனியாகக் கிடக்கும். அங்கேதான் ஓட்டை. ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்த ஸ்வாப் பக்கங்களும் போகும், அவற்றைத் தேடும் புரோகிராம் விழும். டேட்டா தப்பும், சம்பள நாளன்று சர்வர் நின்றுவிடும். ஆகவே ஸ்வாப்பையும் ரெய்டு-1இல் வைப்போம்.

ரேம் 8 ஜிபி என்றால், ஹைபர்னேட் (ரேமை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) தேவையில்லாத சர்வருக்கு 4 ஜிபி ஸ்வாப் போதும். இரு டிஸ்க்கிலும் அந்த அளவில் 'லினக்ஸ் ரெய்டு' வகைப் பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். ரெய்டு-5 வேண்டாம்: ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பழைய டேட்டாவையும் பரிட்டியையும் (இழந்ததை மீட்க உதவும் கணக்கு) முதலில் படிக்க வேண்டியிருக்கும்.

எம்டிஅட்ம் என்ற ரெய்டுக் கருவி கொண்டு ரெய்டு-1 உருவாக்கும்போது மெட்டாடேட்டா (ரெய்டுக் குறிப்பின் வடிவம்) 1.2 என்றே கொடுங்கள். 0.90, 1.0 இரண்டிலும் ரெய்டுக் குறிப்பு பார்ட்டிஷனின் கடைசியில் இருப்பதால், தனி டிஸ்க்கே ஸ்வாப் போலத் தெரியும். அதைத் தவறி நேரே இயக்கினால் இரு பிரதிகளும் பிரிந்துவிடும்.

எந்தப் பகுதியை ஒத்திசைக்க வேண்டும் என்று குறித்துவைக்கும் பிட்மேப்பை 'நன்' (வேண்டாம்) என்று விடலாம். பின்னேர இடிமழைக்குக் கரண்ட் போனால் ஸ்வாப்பில் இருந்தது எப்படியும் குப்பை; 4 ஜிபியை முழுதாக ஒத்திசைப்பது ஓரிரு நிமிட வேலை. அப்போது 'டிலேயிட்' என்று காட்டினால் பதறாதீர்கள், அதே டிஸ்க்கின் பெரிய ரெய்டு முடியக் காத்திருக்கிறது.

ஸ்வாப்பைத் தயார்செய்யும் எம்கேஸ்வாப் கட்டளையை ரெய்டின் மேல் ஓட்டுங்கள், டிஸ்க்கின் மேல் அல்ல. பூட்டில் ஏற வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டாப்பில் போட வேண்டியது பிஎல்கேஐடி கட்டளை காட்டும் ஸ்வாப்பின் அடையாள எண்ணான யூயூஐடி. எம்டிஅட்ம் காட்டுவது ரெய்டின் எண். அதைப் போட்டால் பூட்டில் ஸ்வாப் ஏறாது, நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ரெய்டு விவரத்தை எம்டிஅட்ம் கான்ஃபிக்கில் சேர்த்து, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் ரெய்டு எம்டி127 என்ற பெயரில் எழும்பும்.

மாதாந்தச் சோதனையில் ஸ்வாப் ரெய்டில் மட்டும் 'மிஸ்மேட்ச்' (இரு பிரதிகளும் பொருந்தாத இடங்கள்) எண்ணிக்கை பூச்சியமாக இல்லாமலிருப்பது சகஜம். எழுதிக்கொண்டிருக்கும்போதே ரேமில் பக்கம் மாறினால் இரு டிஸ்க்கிலும் வேறு வேறாக விழும். அப்படிப்பட்ட பக்கத்தை லினக்ஸின் மையமான கேர்னல் திரும்பப் படிப்பதில்லை. டேட்டா ரெய்டில் அதே எண் வந்தால் சும்மா விடாதீர்கள்.

வேலைக்கு விடுமுன் ஒரு பார்ட்டிஷனை வேண்டுமென்றே 'ஃபெயில்' செய்து பாருங்கள். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் 'யூ யூ' இருந்த இடத்தில் ஒரு 'யூ'வும் அடிக்கோடும் வரும்; ஸ்வாப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அந்தப் பார்ட்டிஷனை 'ரிமூவ்' (நீக்கம்), அதன்பின் 'ஆட்' (சேர்ப்பு) செய்யுங்கள்.