தலையில் அடிபட்டவர் எப்போது மறுபடி ஆடலாம்?

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கால்பந்து மேட்ச் நடக்கும்போது ஹெட் பண்ண எகிறிய இரண்டு பேர் மண்டையை முட்டிக்கொண்டால், "ஒண்ணும் இல்லடா, தண்ணி குடிச்சிட்டு ஆடு" என்று சொல்லாதீர்கள், நினைவு தப்பாவிட்டாலும் மூளை அதிர்வு இருக்கலாம், அன்றைக்கு அவன் ஆட்டம் அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. பனிமூட்டம் இறங்கிய மலைப்பாதையில் போய்ச்சேர நேரமாகும், காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

மற்றபடி முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. அதற்காக இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை, வீட்டுக்குள் நடமாடலாம், செல்போனைக் குறைத்தால் போதும். அப்புறம் மெதுவான நடை. ஆனால் நம் ஊரில் தேயிலைத் தோட்டத்து ஏற்றம் ஏறினாலே நெஞ்சு படபடக்குமே, அது மெதுவான நடையில் சேராது, சமதளமாகப் பார்த்து நடக்க விடுங்கள். அது ஒத்துக்கொண்டால் கொஞ்சம் வேகம், பிறகு தனியாக ஓட்டம். படிக்கிற பையன் என்றால் முழு நேர வகுப்புக்குத் திரும்பிய பிறகுதான் முழு ஆட்டம்.

ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி லேசாகக் கூடி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மறுநாள் முயலுங்கள். அறிகுறிகள் முழுக்கப் போய், மருத்துவரும் சரி என்ற பிறகே மோதலில்லாத குழுப் பயிற்சி, அடுத்து முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் என்று கோச் எவ்வளவு கெஞ்சினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.