கேம்பர் பார்க்கும் முன் கெப்பைத் தராசில் ஏற்றுங்கள்

கேம்பர், அதாவது கெப்பின் பின் தட்டில் ஏற்றிவைக்கிற படுக்கைப் பெட்டி, வாங்க நினைப்பவர்கள் படுக்கை எத்தனை அடி, அடுப்பு எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைச் சுமக்கிற கெப் (பிக்கப்) எவ்வளவு தாங்கும் என்று கேட்பவர் குறைவு. கேம்பர் இழுத்துப் போகிற ட்ரெய்லர் இல்லை, முதுகில் சுமக்கிற பெட்டி. முழுப் பாரமும் உங்கள் ஸ்பிரிங்கிலும் பின் அச்சிலும் டயரிலும்தான் இறங்கும்.

அதனால் டாங்கை நிரப்பி, வழக்கமாகக் கூட வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு, நெல் லொறி நிறுக்கிற அரிசி ஆலைத் தராசு ஒன்றுக்குப் போங்கள். வாகனத்துக்கு அனுமதித்த மொத்த எடை கையேட்டில் இருக்கும். அது 2,900 கிலோ, தராசு காட்டியது 2,200 என்று வைத்தால், மிச்சம் 700 கிலோ. விற்பவர் சொல்லும் 550 கிலோ பெரும்பாலும் வெறும் பெட்டியின் எடை. 80 லீட்டர் தண்ணீர் 80 கிலோ. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் என்பது உள்ளே உள்ள காஸின் எடை மட்டும், இரும்பு தனி. பற்றரி, பாய், அரிசி, மீன் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 700 எப்போது தாண்டியது என்றே தெரியாது. 100 கிலோவாவது மிச்சம் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்கில் இன்னொரு தகடு போட்டால் சரியாகிவிடும் என்று கராஜில் சொல்வார்கள். பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் பழையதுதானே, அனுமதித்த எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. டயர் ஓரத்தில் அளவுக்கு அடுத்துள்ள பார எண்ணையும் பாருங்கள்: 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120.

அப்புறம், பாரம் எங்கே உட்காருகிறது என்பது. கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கெப்பின் பின் தட்டு ஏறத்தாழ 5 அடிதான், பெட்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர்த் தாங்கியும் பின்னால் இருந்தால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காது. இதற்கும் தராசுதான் வழி: முன் சக்கரங்களை மட்டும் தராசில் நிறுத்தி, கேம்பர் ஏற்றும் முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்திருந்தால் அந்தச் சோடி பொருந்தவில்லை. நீளமான பெட்டிதான் வேண்டும் என்றால் பின் தட்டு நீளமான சிங்கிள் கெப் தேடுங்கள்.

நம் கிழக்குக் கரைப் பக்கத்துக்கு நான் சொல்வது கூரை மடங்குகிற வகை, படுக்கும்போது கூரையை உயர்த்தினால் துணிச் சுவர் எழும். கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயரப் பெட்டி ஆடும், பாணமை தாண்டி உகந்தைப் பக்கம் மரக்கிளையும் உரசும். துணிச் சுவர் என்பதால் இரவில் காற்றும் வரும். மார்கழி மழையில் அந்தத் துணி காயாமல் பூஞ்சணம் பிடிக்கும், அது உண்மை, வீட்டுக்கு வந்ததும் திறந்து காயவிட வேண்டும். யானை நடமாடுகிற லகுகலப் பக்கம் மட்டும் எந்தப் பெட்டியிலும் வழியில் படுக்காதீர்கள்.

பெட்டியைக் கட்டுகிற கொக்கி சேஸியிலிருந்து (வாகனத்தின் அடிச்சட்டத்திலிருந்து) வரட்டும். தட்டின் மெல்லிய தகட்டில் போல்ட் அடித்தால் குழி ரோட்டில் கிழிந்துவிடும், கடல் உப்பில் துருவும் சீக்கிரம் ஏறும். முதல் பயணத்தில் இருபது கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, நாலு கொக்கியையும் திரும்ப இறுக்குங்கள்.