ஆதிவாசிகளுக்காக அரசியலமைப்பு முன்மொழிவு எழுதப்போறீங்களா? முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

புது அரசியலமைப்புக் கதை இந்த நாட்டில ஆட்சி மாறேக்க எல்லாம் வரும். வந்தா எங்கட பெடியள் வாசிகசாலையில கூடி இருந்து காணி, பொலிஸ், அதிகாரப்பகிர்வு எண்டு பக்கம் பக்கமா எழுதுவினம், 2016ல மக்களிட்ட கருத்துக் கேக்க குழு மாவட்டம் மாவட்டமா வரேக்கயும் அதுதான் நடந்தது. கடைசியில யாரோ ஒருத்தர், ஆதிவாசிகளைப் பற்றியும் ஒரு பந்தி போடுவமே எண்டுவார். நல்ல எண்ணம்தான், ஆனா அது அனேகமா "அவர்களது கலாசாரம் பேணிப் பாதுகாக்கப்பட வேண்டும்" எண்ட ஒரு வசனத்தோட முடிஞ்சிடும். நானும் ஒருக்கா அப்பிடித்தான் எழுதிக் குடுத்தனான், இப்ப அதை எடுத்து வாசிச்சா வெக்கமா கிடக்கு.

சரி, எப்பிடி எழுதுறது? பேனையை வச்சிட்டு முதல் அவையின்ர ஊருக்கு பஸ் ஏறுங்கோ. எங்களுக்கு ஆதிவாசி, அதாவது வேடர் எண்டா தம்பானை எண்ட காட்டுக் கிராமம், தோளில கோடாலி, பாடப்புத்தகப் படம், அவ்வளவுதான். வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கம் இருக்கிற கரையோர வேடர் தமிழ் கதைக்கிறவை, மீன்பிடிக்கிறவை எண்டது யாழ்ப்பாணத்தில கனபேருக்குத் தெரியாது. தமிழ் கதைக்கினம்தானே எண்டு நாங்கள் அவையை எங்கட கணக்கில போட்டுட்டு இருக்கிறம், மற்றப் பக்கத்தில சிங்களத்தோட கலந்து போனவையை சிங்களவர் தங்கட கணக்கில போட்டாச்சு. கொழும்பு எங்களுக்குச் செய்யுது எண்டு நாங்கள் கத்துறதை நாங்களே இன்னொருத்தருக்குச் செய்யிறம், இது சொன்னா சிலருக்குக் கோவம் வரும், வரட்டும். போய் முதல் கேக்கவேண்டியது அவையை என்னெண்டு எழுதுறது எண்டதைத்தான். வேடர், ஆதிவாசி, பழங்குடி, வன்னியலா எத்தோ எண்டு எத்தினையோ சொல் இருக்கு, ஒருத்தருக்குப் பெருமையா இருக்கிற சொல் இன்னொருத்தருக்கு ஏச்சா இருக்கும். அதை இங்க இருந்து நீங்கள் முடிவெடுக்காதேங்கோ.

அடுத்தது வசனம் எங்க நிக்கப்போகுது எண்டதை வடிவாப் பாருங்கோ. முகவுரையில நிண்டா அலங்காரம், உறுப்புரையில நிண்டாத்தான் அதைக் காட்டி கோட்டுக்குப் போகலாம். அவுஸ்திரேலியாவில 1999ல ஒரு முகவுரையை சர்வசன வாக்கெடுப்புக்கு விட்டவை, பழங்குடி மக்களை மதிக்கிறம் எண்டு அதில எழுதி, இந்த முகவுரைக்கு சட்ட வலு இல்லை எண்டு இன்னொரு பிரிவும் கூடவே போட்டவை. அப்பிடியும் தோத்துப்போச்சு.

உறுப்புரையில போட்டாச்சு எண்டு நித்திரை கொள்ளவும் ஏலாது. சுதந்திரத்தோட வந்த எங்கட சோல்பரி அரசியலமைப்பில, ஒரு இனத்தையோ மதத்தையோ பாகுபடுத்திற சட்டம் போடக்கூடாது எண்ட 29ஆம் பிரிவை நினைச்சுப் பாருங்கோ, அது இருக்கத்தக்கதாத்தான் 1948ல மலையகத் தமிழரின்ர குடியுரிமை போனது, அப்ப கடைசி மேன்முறையீட்டு மன்றமா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயும் சரிவரேல்ல, 1972ல வந்த புது அரசியலமைப்பில அந்தப் பிரிவே இல்லை. அதால உரிமையை எழுதினா, அது மீறப்பட்டா ஆர் எங்க போய் முறையிடுறது எண்டதையும் அதே பந்தியில எழுதுங்கோ.

இப்ப கதிரை, அதாவது பாராளுமன்ற ஆசன விஷயம். இதுக்குத்தான் கன நேரம் செலவழிக்கோணும். நியூசிலாந்தில அங்கத்தைப் பழங்குடிகளான மாவோரியருக்கு 1867ல 4 ஆசனம் குடுத்தவை, இப்ப 7. மாவோரி வாக்காளர் இடாப்பில பதியிறதா பொது இடாப்பில பதியிறதா எண்டதை அவையே தெரிவுசெய்யலாம், கூடப்பேர் பதிஞ்சா ஆசனமும் கூடும். கெட்டித்தனமான ஏற்பாடு, ஆனா சாதாரண சட்டத்தில கிடக்கிறதால சாதாரண பெரும்பான்மையால தூக்கவும் ஏலும். பொலிவியாவில 130 பேர் இருக்கிற கீழ்ச்சபையில 7 ஆசனம் பழங்குடிகளுக்கு எண்டு ஒதுக்கி இருக்கு. அவுஸ்திரேலியாவில 2023ல கேட்டது கதிரை கூட இல்லை, பாராளுமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் கருத்துச் சொல்ல ஒரு சபை மட்டும், அதுக்கே 60 வீதம் அளவில வேண்டாம் எண்டு போட்டு 6 மாநிலத்திலயும் தோத்தது. குறைச்சுக் கேட்டா லேசாக் கிடைக்கும் எண்டு நினைக்கிறவை இதை ஞாபகம் வச்சிருங்கோ.

எங்கட நாட்டுக்கு என்ன கேக்கலாம்? உடன வாயில வாறது தேசியப் பட்டியல், கட்சிகள் தங்கட ஆக்களைப் போட 29 இடம் இருக்குத்தானே, ஒண்டைக் குடுங்கோவன் எண்டு. நான் அதை எழுதமாட்டன். பட்டியல் கட்சியின்ர கையில, போற ஆளும் கட்சி சொல்லுறதுக்குத்தான் கை உயர்த்துவார். சோல்பரி காலத்தில 6 நியமன உறுப்பினர் இருந்தவை, அதுவும் மேலயிருந்து போட்ட நியமனம்தான். தங்கட ஆளைத் தாங்களே வாக்குப்போட்டு அனுப்புற வழியைக் கேளுங்கோ. அதோட பிரதேச சபையையும் மறக்காதேங்கோ, பெண்களுக்கு 25 வீதம் எண்டு உள்ளூராட்சிச் சட்டத்தில கொண்டுவரேலும் எண்டா, வேடர் கிராமங்கள் இருக்கிற சபைகளில ஒரு கதிரை ஒதுக்க ஏலாதே?

வாக்குப்போட இடாப்பு வேணும், இடாப்புக்கு ஆர் வேடர் எண்ட கேள்வி வரும். நோர்வேயில சாமி எண்ட பழங்குடி மக்களின்ர பாராளுமன்றத்துக்கு வாக்குப்போட, தான் சாமி எண்டு சொல்லோணும், அதோட தானோ தாய்தகப்பனோ பாட்டனோ பூட்டனோ வீட்டில சாமி மொழி கதைச்சிருக்கோணும், இல்லாட்டி இடாப்பில இருக்கிற ஒராளின்ர பிள்ளையா இருக்கோணும். இதை அப்பிடியே கொப்பியடிச்சா கரையோர வேடரில ஆக்கள் மிஞ்சாயினம், அவையின்ர வீட்டுமொழி தமிழாகி கனகாலம். மொழியை விட்டுட்டு, தான் சொல்லுறதும் தன்ர சனம் ஏற்கிறதும் காணும் எண்டு எழுதுங்கோ.

காணிக்கு தனிப் பந்தி. 1983ல மாதுறு ஓயா தேசியப் பூங்காவா அறிவிக்கப்பட்ட பிறகு, வேடர் தலைமுறை தலைமுறையா வேட்டைக்கும் தேனுக்கும் போன காட்டில கால் வைக்கிறதே குற்றமாப் போச்சு. கலாசாரம் எண்டு எழுதுற இடத்தில எல்லாம் காடு, கடல், குளம் எண்டு எழுதிப் பாருங்கோ, எழுதினது கனக்கும்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. ரெண்டு பக்கம் காணும், கோரிக்கைக்கு இலக்கம் போடுங்கோ, தமிழில எழுதி சிங்களத்திலயும் ஒரு பிரதி இணையுங்கோ, ஏனெண்டா திருத்தம் நிறைவேற பாராளுமன்றத்தில 225ல 150 பேர் கை தூக்கோணும், அதில எங்கட எழுத்து வாசிக்கிறவை எத்தினை பேர்? முடிச்சாப் பிறகு திரும்பவும் வாகரைப் பக்கம் கொண்டுபோய் சத்தமா வாசிச்சுக் காட்டுங்கோ, அவை வெட்டச் சொன்னா வெட்டுங்கோ. கையெழுத்து முதல் அவையின்ர, உங்கட பேர் கீழ கிடக்கட்டும், பதிவுத் தபாலில போட்டு பற்றுச்சீட்டை வச்சிருங்கோ.