14 வோல்ட்டைத் தொட்டதும் ஆடும் சார்ஜர்: சிசி-சிவி போர்டில் கோளாறு தேடும் முறை

பொள்ளாச்சித் தோப்புகளில் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும், தொண்டாமுத்தூர்ப் பக்கத்து யானை வேலிக்கும் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். கரண்ட் அளவு வேறாக இருந்தாலும் சார்ஜர் சுற்று ஒரே மாதிரி: முதலில் நிலையான கரண்ட் (சிசி), பிறகு நிலையான வோல்டேஜ் (சிவி). கோளாறும் ஒரே மாதிரி வருகிறது. 14 வோல்ட் வரை ஒழுங்காக ஏறும். அதன்பின் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும், ஆம்ப் மீட்டர் முள் துடிக்கும், காயில் (கம்பிச் சுருள்) சிணுங்கும். உடனே காம்பென்சேஷன் கபாசிட்டரில் (கட்டுப்பாட்டின் வேகத்தைத் தணித்து ஆட்டத்தை அடக்குவது) கைவைப்பவர்கள் அதிகம். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

முதலில் ஆட்டத்தின் வேகத்தைப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். ஒரு விநாடிக்கு ஒருமுறை, இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்று நின்று நின்று வந்தால் அது லூப் (அவுட்புட்டை அளந்து திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று) கோளாறே அல்ல. சோலாரில், பேனல் தரக்கூடியதைவிட அதிகக் கரண்ட்டுக்கு செட் செய்திருந்தால் பேனல் வோல்டேஜ் சரிந்து போர்டு அணையும், மறுபடி எழும். லித்தியம் பேக்கில் ஏதாவது ஒரு செல் மற்றவற்றை முந்தி மேல்வரம்பைத் தொட்டால் பிஎம்எஸ் (பேக்கின் பாதுகாப்புப் போர்டு) வெட்டிவிடும். கிளிப் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும்.

ஸ்கோப்பில் (அலைகாட்டியில்) 100 ஹெர்ட்ஸ் தெரிந்தால் மெயின் ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்துபோயிருக்கிறது. சோமனூர், பல்லடம் தறி ஷெட்டுகளின் தகரக் கூரைச் சூட்டில் இது சீக்கிரமே வரும். 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிடிக் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. அந்தக் கபாசிட்டரில் 320 வோல்ட் டிசி நிற்கும். முழுதாக டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடாதீர்கள். ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை பிரைமரி (மெயின் கரண்ட் உள்ள) பக்கம் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில கிலோ ஹெர்ட்ஸ் வரை ஆடினால்தான் உண்மையான லூப் ஆட்டம். எந்த லூப் என்று பிரிக்க மூன்று சோதனை போதும். இறங்கிய பேட்டரியை மாட்டி, கரண்ட்டை 2 ஆம்ப்புக்குக் குறைத்து வையுங்கள்; இப்போது சிசி மட்டும் வேலை செய்யும். அடுத்து, நிறைந்த பேட்டரியை மாட்டிக் கரண்ட் பிரீசெட்டை (திருகித் திருத்தும் சிறு தடை) உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். இது சிவி மட்டும். மூன்றாவது, பேட்டரியே இல்லாமல் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. இரண்டு முனையிலும் அமைதியாக இருந்து இடையில் மட்டும் ஆடினால், சிசியிலிருந்து சிவிக்குக் கை மாறும் இடத்தில் இரண்டு எரர் ஆம்ப்பும் (செட் அளவோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஆம்ப்ளிஃபையர்கள்) இழுபறி செய்கின்றன என்று பொருள்.

சிசியில் ஆடினால் முதலில் ஷண்ட்டை, அதாவது கரண்ட்டை அளக்கும் சிறு தடையை, பாருங்கள். 0.01 ஓம் ஷண்ட்டில் 5 ஆம்ப் போனால் கிடைப்பது வெறும் 50 மில்லி வோல்ட். 10 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலமுள்ள சாதாரணக் காப்பர் டிராக் ஒன்றே சுமார் 2.5 மில்லி ஓம். சென்ஸ் ஒயர் (ஷண்ட்டின் வோல்டேஜை எடுத்துச் செல்வது) அந்த டிராக்கின் மறுமுனையில் இருந்தால் அளவில் கால் பங்கு பிழை. அதோடு ஸ்விட்சிங் கரண்ட்டின் துடிப்பும் எரர் ஆம்ப்பின் உள்ளே நுழையும். சென்ஸ் ஒயர் இரண்டையும் ஷண்ட்டின் கால்களிலேயே தனியாகப் பற்றவைத்து, முறுக்கிக் கொண்டுவாருங்கள். 100 ஓம், 10 நானோ ஃபாரட் ஃபில்டர் போதும். சத்தம் போகட்டும் என்று 1 கிலோ ஓம், 1 மைக்ரோ போட்டால் 160 ஹெர்ட்ஸிலேயே தாமதம் தொடங்கி, அந்த ஃபில்டரே ஆட்டத்தை உண்டாக்கும். போர்டில் பஞ்சுத் தூசு படிந்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். பிரீசெட் உள்ளே தூசு போயிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

பல்பில் மட்டும் ஆடினால் அவுட்புட் கபாசிட்டர் பக்கம் போங்கள். 100 மைக்ரோ ஹென்றி காயிலும் 1000 மைக்ரோ ஃபாரட்டும் சேர்ந்து சுமார் 500 ஹெர்ட்ஸில் ஒத்திசையும். பேட்டரி மாட்டியிருக்கும்போது அதன் சில பத்து மில்லி ஓம் உள்தடை இதை அமுக்கிவிடும். கழற்றினால் தடுக்க ஆளில்லை. பழைய கபாசிட்டரின் 50 மில்லி ஓம் இஎஸ்ஆர் (கபாசிட்டரின் உள் தொடர் தடை) 3 கிலோ ஹெர்ட்ஸ் அருகே கொஞ்சம் கைகொடுத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மிகக் குறைந்த இஎஸ்ஆர் கபாசிட்டரைப் போட்டால், நல்ல பார்ட் போட்ட பிறகும் போர்டு ஆடத் தொடங்கலாம். பேட்டரியோடு ஒழுங்காகத்தானே ஓடுகிறது என்று இதை விட்டுவிடாதீர்கள்; கிளிப் கழன்ற நொடியில் வோல்டேஜ் எகிறும்.

இப்போது காம்பென்சேஷன். டிஎல்494 கண்ட்ரோல் ஐசியில் 1, 2 பின்கள் ஒரு எரர் ஆம்ப். 15, 16 மற்றொன்று. இரண்டும் 3-ஆம் பின்னில் சேரும், எதன் அவுட்புட் உயர்ந்து நிற்கிறதோ அதுவே கட்டுப்படுத்தும். கரண்ட் எதில், வோல்டேஜ் எதில் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். டிராக்கைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சந்தேகப்படும் ஆம்ப்பில், 3-க்கும் 2-க்கும் (அல்லது 15-க்கும்) இடையில் உள்ள கபாசிட்டருக்கு இணையாக அதே அளவில் இன்னொன்றைப் போடுங்கள். ஆட்டம் நின்றாலோ வேகம் குறைந்தாலோ அதே லூப்தான். எதுவும் மாறாவிட்டால் கழற்றிவிட்டு மற்ற ஆம்ப்பில் முயலுங்கள்.

சிவிக்கு 10 கிலோ ஓம்மும் 100 நானோவும் சீரிஸில் வைத்துத் தொடங்கலாம். பேட்டரி வோல்டேஜ் நிமிடக் கணக்கில் நகர்வது. லூப் மெதுவாக இருப்பதால் நட்டமில்லை. ஆனால் 1 மைக்ரோ வரை ஏற்றினால், சிசியின்போது தூங்கிக் கிடந்த சிவி ஆம்ப் விழித்தெழத் தாமதமாகி, வோல்டேஜ் 14.4-ஐத் தாண்டிக் குதிக்கும். கை மாறும் இடத்து இழுபறிக்கு, அந்த ஆர்சி (தடை-கபாசிட்டர்) ஜோடிக்கு இணையாக 1 மெகா ஓம் போட்டால் திருப்பம் மென்மையாகும். செட்டிங் சற்று நகரும், பிரீசெட்டால் திருத்திக்கொள்ளுங்கள். யூசி3843 ஐசி உள்ள போர்டில் ஒரு துடிப்பு அகலமாகவும் அடுத்தது ஒல்லியாகவும் வந்தால் இதெல்லாம் உதவாது; அதற்கு ஸ்லோப் காம்பென்சேஷன் (கரண்ட் அளவோடு ஒரு சிறு சாய்வலையைச் சேர்ப்பது) வேண்டும்.

முடித்ததும் பேட்டரியை மாட்டியபடியே 21 வாட் பல்பைத் தட்டித் தட்டிச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு அலையில் அடங்கினால் சரி. ஐந்தாறு அலை நீண்டால் வெயில் காலத்தில் திரும்ப வரும். லெட் ஆசிட்டுக்கு 25 டிகிரியில் 14.4 வோல்ட் என்றால், செல்லுக்கு டிகிரிக்கு 4 மில்லி வோல்ட் வீதம் குறைத்து, 40 டிகிரியில் சுமார் 14.0 வையுங்கள். பேட்டரியின் மேல் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.