ஆலோசகர் பயிற்சி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் ஆலோசனைக் கொள்கையைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதும் மாணவர், எதிரே ஒருவர் அழத் தொடங்கியதும் "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று முடித்துவிடுவார். பெரும்பாலும் இது மாணவரின் குறையல்ல. விரிவுரை நேரத்தை விழுங்க, ரோல் பிளே, அதாவது ஆலோசகராகவும் உதவி தேடி வருபவராகவும் நடித்துப் பழகுவது, கடைசி அரைமணிக்குத் தள்ளப்படுகிறது. 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஆலன் ஐவி வகுத்த முறை இன்றும் கைகொடுக்கும்: ஒரு நேரத்தில் ஒரே திறன், ஐந்து நிமிட உரையாடல், அதன் பதிவைப் பார்த்தல், உடனே அதே திறனை மறுபடி செய்தல். பல வகுப்புகளில் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான். குறையைக் கேட்டுக்கொண்ட மாணவர், திருத்திச் செய்யாமலே வீட்டுக்குப் போகிறார்.

ஒருவர் ஆலோசகராக, ஒருவர் உதவி தேடி வருபவராக, ஒருவர் கவனிப்பவராக இருக்கும் மூவர் குழுவில், கவனிப்பவர் "நல்லா பண்ணீங்க" என்றால் யாருக்கும் பயனில்லை. ஆலோசகர் சொன்ன வாக்கியங்களை அவர் அப்படியே எழுத வேண்டும். எத்தனை கேள்வி 'ஏன்' என்று தொடங்கியது என்று எண்ண வேண்டும். "ஏன் மாமியார்கிட்ட சொல்லல?" என்பது விசாரணை போல ஒலிக்கும். "சொல்ல முடியாம இருந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்றால் பேச்சு தொடரும்.

தற்கொலை பற்றிய பாடத்தைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பது இன்னும் பெரிய தவறு. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. "அப்படியெல்லாம் யோசிக்கலையே?" என்ற கேள்வி 'இல்லை' என்ற பதிலையே வரவழைக்கும். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கும்வரை, வாய் கூசாமல் வரும்வரை, சொல்லிப் பழக வேண்டும். 'ஆமாம்' என்றால் அடுத்து: எப்படி, எப்போது, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா? வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அதை அப்புறப்படுத்தப் போவது யார்? அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 மனப்பாடமாக இருக்கட்டும்.

"இங்கே சொல்றது வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்கக் கற்பிப்பதும் ஆபத்து. குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகாரளித்தே ஆக வேண்டும். ரகசியத்தின் எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, சுயஅறிதல் என்ற பெயரில் மாணவரின் சொந்தக் காயங்களை வகுப்பில் பேசவைத்து, அதே ஆசிரியர் மதிப்பெண்ணும் போடுவதும் தவறு. அந்தக் காயங்களைப் பேசத் துறைக்கு வெளியே ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்யுங்கள். அங்கே பேசியது ஆசிரியரிடம் வரக்கூடாது.