பழைய படகின் ஐஸ் பெட்டியைத் திருத்தும்போது விடும் பிழைகள்

மார்கழியில் கடல் குழம்பி, படகு கரையேறிய பிறகுதான் பலருக்கு ஐஸ் பெட்டியின் ஞாபகம் வருகிறது. "சும்மாதானே நிக்குது, இப்பவே செய்து முடிப்பம்" என்று வாழைச்சேனையில் என் மச்சானும் அப்படித்தான் இறங்கினான். சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்க அடைத்திருந்த பழைய போமின் (நுரைப்பொருள்) மேலேயே புது பைபர் போட்டு, வெள்ளைப் பெயின்றும் அடித்தான். அடுத்த பயணத்தில் ஐஸ் முன்பைவிட வேகமாகக் கரைந்தது. வெட்டிப் பார்த்தால், உள்ளேயிருந்த போமைப் பிழியத் தண்ணீர் வடிந்தது.

ஈரப் போமை எடுக்காமல் மூடுவதுதான் முதல் பிழை, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். போம் வெப்பத்தைத் தடுப்பது அதன் சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டிருக்கும் வாயுவால். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், அது நல்ல பொலியூரித்தேன் போமைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். எனவே அடியில் ஒரு துண்டு வெட்டிக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் இரக்கப்படாமல் தோண்டி எடுத்துவிட வேண்டும். மாரி ஈரத்தில் இந்த வேலை சரிவராது. ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும்போது மூடியைக் கழற்றி வைத்தால், தோண்டிய பெட்டி காசில்லாமல் காய்ந்துவிடும்.

தண்ணீர் உள்ளேயிருந்து மட்டும்தான் வரும் என்று நினைத்து, உள்பக்கத்தை மட்டும் பூசுகிறவர்கள் உண்டு. வெளியிலுள்ள சூடான காற்றின் ஈரமும் குளிர்ந்த பக்கம் தேடிப் போய் போமுக்குள் தண்ணீராகும். வெளிப்பக்கமும் அடைபட வேண்டும். வடிகால் குழாய்த் துளை, கீல் திருகாணித் துளை எதையும் விடக்கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதென்று ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) வைத்து, அதன்மேல் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் பூசினால் கண்ணெதிரே போம் உருகிக் குழியாகும். அதற்கு எபொக்ஸிதான் சரி. இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் போமிலும் அவசரம் ஆகாது. ஒரேயடியாக ஊற்றினால் அது பொங்கும் வேகத்தில் சுவர் உப்பிவிடும், நடுவில் சூடேறிக் கருகவும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். புகை நெஞ்சுக்கு ஆகாது, மூடிய அறைக்குள் நின்று செய்யவே கூடாது.

போமின் தடிப்பைக் குறைத்து உள்ளே இடம் கூட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. உள்ளே நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 1 மீற்றர் என்றும், வெளிச்சூடு 30 பாகை என்றும் வைப்போம். சுற்றிலும் 4 அங்குலப் பொலியூரித்தேன் இருந்தால், சுவர் வழியாக மட்டும் நாளொன்றுக்கு 12 கிலோ அளவு ஐஸ் போகும். 2 அங்குலமென்றால் 24 கிலோ. மீனைக் குளிரவைக்கும் ஐஸ் இதில் சேரவில்லை. எஞ்சின் பக்கச் சுவருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடலாம். நடுவே குறுக்கே போகும் மரச்சட்டங்களும் வெப்பத்துக்கு வழிதான்.

மூடிக்கு நல்ல றப்பர் வேண்டும். வடிகால் குழாயை நேராக விட்டால் குளிர்காற்று அதன் வழியே வழிந்து போய்விடும். தண்ணீர் தேங்கி நிற்க ஒரு வளைவு கொடுங்கள்.

படகைக் கடலில் இறக்குமுன், பெட்டியை ஐஸால் நிரப்பி மூடிவிட்டு வடிகாலடியில் வாளி வையுங்கள். முதல் நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பெட்டி குளிர்வதற்கே கொஞ்சம் ஐஸ் போகும். இரண்டாம் நாள் வாளியில் விழும் ஒவ்வொரு லீற்றரும் கரைந்த ஒரு கிலோ ஐஸ். 4 அங்குலம் போட்ட, மேலே சொன்ன அளவுப் பெட்டியில் 12 லீற்றரைவிட நன்றாகக் கூடினால், எங்கோ ஒரு மூலையில் போம் போய்ச் சேராமல் இருக்கலாம்.