எடுக்காத படத்துக்கு ஒரு போஸ்டர்

எடுத்து முடித்த படத்துக்குப் போஸ்டர் செய்பவரிடம் நூற்றுக்கணக்கான ஸ்டில்களும் நாயகனின் முகமும் தயாரிப்பாளரின் நச்சரிப்பும் இருக்கும். எடுக்காத படத்துக்குச் செய்பவரிடம் இவற்றில் ஒன்றும் இல்லாததால், அவர் கணினியைத் திறப்பதற்கு முன்பே கதையை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்தில் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாவது இருப்பது அவசியம். "அண்ணன் தம்பி பாசத்தைச் சொல்லும் கதை" என்று எழுதினால் வரைவதற்கு எதுவும் கிடைக்காது. இணையத்தில் தேடி எடுத்த இரண்டு நிழலுருவங்களையும் ஒரு சூரிய அஸ்தமனத்தையும் ஒட்டிவிட்டு எழுந்துவிடுவோம்.

இந்தக் கட்டுரைக்காக நான் எடுத்துக்கொண்ட கதை கடலூர் முதுநகரில் நடக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து ஓராண்டு ஆன நிலையில், துறைமுகத்தருகே உள்ள ஐஸ் கம்பெனியில் இரவுக் காவல் பார்க்கும் ஒருவர், கடலில் காணாமல் போன தம்பியின் ரப்பர் செருப்பு ஓர் ஐஸ் பாளத்துக்குள் உறைந்திருப்பதைக் காண்கிறார். புயலும் ஓராண்டு இடைவெளியும் போஸ்டருக்குத் தேவையில்லை. பாளமும் அதற்குள் இருக்கும் செருப்புமே போஸ்டர். படத்தின் பெயரும் "பாளம்" என்றே ஆகிவிட்டது.

கதை நடக்கும் இடத்தை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது. புதுச்சேரியைக் களமாக வைப்பவர்கள் பெரும்பாலும் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவரையும் அதன்மேல் வழியும் காகிதப்பூவையும் தாண்டி வருவதில்லை; அந்தச் சுவர் இத்தனை திருமணப் படங்களுக்குப் பின்னணியாகிவிட்ட பிறகு அதற்குச் சொந்தமாக ஒரு கதை மிஞ்சியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளை நகரத்தைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலின் மேற்குப் பக்கம் திண்ணையும் மரத்தூணும் வைத்த தமிழ் வீடுகள் இருக்கின்றன. அவற்றைப் போஸ்டர்களில் காண்பது அரிது. ஐஸ் கம்பெனியில் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது வேறு. குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்கி வைக்கிறார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறைவதால், அதில் கரைந்திருந்த காற்றும் உப்பும் உள்ளே தள்ளப்பட்டு, பாளத்தின் ஓரம் கண்ணாடியாகவும் நடுத்தண்டு பால்வெள்ளையாகவும் அமைகிறது. கற்பனையில் வரைந்திருந்தால் முழுப் பாளத்தையும் கண்ணாடியாகவே வரைந்திருப்பேன். அந்த வெள்ளைத் தண்டு இருந்தால்தான் அது மீன் ஏற்றும் ஐஸ். இல்லாவிட்டால் குளிர்பானக் குவளையின் ஐஸ் துண்டு.

படத்தை வீட்டிலேயே எடுத்துவிடலாம். சிறிய தெர்மக்கோல் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால், குளிர் மேற்புறமாக மட்டுமே இறங்குவதால் மேல்பகுதி தெளிவாகவும் அடிப்பகுதி கலங்கலாகவும் உறையும். குழந்தையின் ரப்பர் செருப்பு ஒன்றைத் தூண்டில் நரம்பால் ஒரு கல்லோடு கட்டி உள்ளே இறக்கிவிடுங்கள். கட்டாவிட்டால் செருப்பு மிதக்கும். முழுவதும் உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். கல் கிடக்கும் கலங்கிய அடிப்பகுதியைப் படத்தில் வெட்டிவிட்டு, நடுவே வேண்டிய வெண்மையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வெளியே எடுத்தவுடன் மேலே பனிப்பூச்சு படிந்து உள்ளே எதுவும் தெரியாது என்பதால், ஈரத் துணியால் துடைத்துச் சிறிது நேரம் பொறுத்திருக்க வேண்டும். நான் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டுபோய், பாளத்தைக் கடலுக்கும் எனக்கும் நடுவில் வைத்து, உதிக்கும் சூரியனின் ஒளி அதை ஊடுருவி வரும்படி கைபேசியிலேயே எடுத்தேன். ஒளி பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால்தான் ஐஸின் விளிம்பு மின்னும். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வெறும் வெள்ளைத் திட்டுதான் கிடைக்கும்.

அளவைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். டிஜிட்டல் அச்சகங்களில் எளிதாகக் கிடைக்கும் 12×18 அங்குலத் தாளும், சுவரொட்டிகளுக்கு வழங்கிவரும் 20×30 அங்குல டபுள் கிரவுன் தாளும் ஒரே 2:3 விகிதம் கொண்டவை. ஆகவே 12×18 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அதாவது 3600×5400 பிக்சலில் வேலை செய்தால், பிறகு 20×30 அளவுக்குப் பெருக்கும்போது எதையும் வெட்ட வேண்டியிருக்காது. அப்போதும் அங்குலத்துக்கு 180 புள்ளி மிஞ்சுவதால், தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு அது போதும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வண்ணத்தை நீட்டிவிடுங்கள்; தாளை வெட்டும் கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது.

இனி எழுத்து. படம் என்று ஒன்று இல்லாதபோது அதன் பாரத்தில் பாதியைத் தலைப்பின் எழுத்தே சுமக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் பலர் கடைசி அரைமணி நேரத்தில்தான் அதைத் தொடுகிறார்கள். கூகுள் எழுத்துருக்களில் பாலூ தம்பி, கேட்டமரன், முக்தா மலர், கவிவனர் போன்ற தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கீழே வரும் சிறிய பெயர்களுக்கு அவை தாராளமாகப் போதும் என்றாலும், தலைப்பைக் கையால் வரைவதே மேல். கட்டம் போட்ட தாளில் பட்டைப் பேனாவால் பத்துப் பதினைந்து முறை எழுதிப் பார்த்து, சிறந்ததைப் படமெடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோட்டுருவாக மாற்றிக்கொள்ளலாம்.

"பாளம்" என்று எழுதியதும் இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. முதலாவது ளகரம். அலங்காரத்தில் அதன் வலப்புறக் கால் சற்றுக் குறுகினாலும் பார்ப்பவர் லகரமாக வாசித்துவிடுவார். நம் படம் ஏதோ ஓர் ஆற்றுப் பாலத்தைப் பற்றியதாகிவிடும். அதனால் பகரத்தையும் மகரத்தையும் இறுக்கிவிட்டு, ளகரத்துக்கு மட்டும் தாராளமாக இடம் கொடுத்தேன். இரண்டாவது, மெய்யெழுத்தின் புள்ளி. ஐஸைப் பற்றிய படத்தில் அதை நீர்த்துளியாக்கும் ஆசை யாருக்கும் வரும்; வருகிற எல்லோருமே அதைச் செய்துவிடுவதால்தான் செய்யக் கூடாது. துப்பாக்கிக் கதைகளில் புள்ளி தோட்டாவாகவும் காதல் கதைகளில் இதயமாகவும் ஆகிப் பல காலம் ஆயிற்று. நேர்மாறாக, தலைப்பிலேயே படத்துக்குப் பொருந்திய உருவம் ஒன்று ஏற்கெனவே இருந்தது: மேலே திறந்த பகரம் தண்ணீர் நிரப்பும் கேனைப் போலவே இருக்கிறது. அதன் மூலைகளைக் கூராக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். பார்ப்பவருக்கு அது தோன்றாமலே போனாலும் குறையில்லை.

கதை பழைய காலத்தில் நடப்பதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் இன்றைய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1960-களின் கதைக்கு "அலை" என்று தலைப்பிட்டு இன்றைய லையைப் போட்டால், வயதில் மூத்தவர்களின் கண் அங்கேயே நின்றுவிடும். யானையின் துதிக்கைபோல் வளைந்த பழைய வடிவம் பல எழுத்துருக்களில் இருக்காது என்பதால் அதையும் கையால்தான் வரைய வேண்டும்.

கணினியில் தட்டும் எழுத்து தன் போக்கில் வேறு தொல்லை தரும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்குரிய எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். இங்க்ஸ்கேப், கிரிட்டா போன்ற கட்டற்ற மென்பொருள்களில் அந்தத் தொல்லை பொதுவாக இல்லை. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும்போது எல்லா எழுத்தையும் "கர்வ்" செய்து, அதாவது எழுத்துருவைச் சார்ந்திராத கோடுகளாக மாற்றி அனுப்புங்கள். அச்சகங்களில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களையும் பழைய கோரல்டிரா மென்பொருளையுமே இன்னும் பயன்படுத்துவோர் உண்டு; அவர்கள் கணினியில் நம் எழுத்துரு இருக்காது. நான் ஒருமுறை "கர்வ்" செய்ய மறந்ததால், ஒளிப்பதிவாளர் என்ற இடத்தில் கட்டம் கட்டமாக அச்சாகி வந்தது. இருபது பிரதியும் வீண். தவறு முழுக்க என்னுடையது.

கீழே வரும் பெயர் வரிசையைத் தமிழ்ச் சுவரொட்டியின் வழக்கப்படி அமைத்தால் நம்பகத்தன்மை கூடும்: ஒளிப்பதிவு, இசை, படத்தொகுப்பு, கலை, மக்கள் தொடர்பு, பிறகு சற்றுப் பெரிதாகக் கதை – திரைக்கதை – வசனம் – இயக்கம், கடைசியில் தயாரிப்பு. நண்பர்களின் பெயர்களை அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். உண்மையான நடிகரின் முகத்தையோ தயாரிப்பு நிறுவனத்தின் சின்னத்தையோ தணிக்கைச் சான்றிதழின் குறியையோ சேர்க்காதீர்கள்; ஓரத்தில் "கற்பனைப் படம்" என்று சிறிதாகக் குறித்துவிடுவது பின்னால் வரக்கூடிய வம்பைத் தவிர்க்கும். மேலே ஒரு வரி வேண்டுமானால் "ஓராண்டுக்குப் பின்" என்பது போதும். செருப்பு எப்படி அங்கே வந்தது என்பதை அந்த வரி சொல்லிவிடக் கூடாது.

திரையில் பளிச்சென்று தெரியும் நீலம், அச்சின் நான்கு மைகளில் மங்கிப்போகும். ஐஸைப் பற்றிய போஸ்டருக்கு இது பெரிய அடி என்பதால், நீலத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் சுற்றியுள்ள இருட்டை ஆழமாக்குங்கள். இருட்டுக்கு நடுவில் மங்கிய நீலமும் குளிர்ந்தே தெரியும். சூடான நிறம் ஒன்றே ஒன்றுதான் இருக்கட்டும்: செருப்பின் சிவப்பு வார். பெரிய கறுப்புப் பரப்புக்கு மற்ற மைகளையும் சிறிது கலக்கலாம். ஆனால் சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும், இல்லையெனில் தாள் சற்று நகர்ந்தாலே எழுத்தின் ஓரத்தில் நிறம் பிதுங்கும்.

இருபது பிரதி சொல்வதற்கு முன் ஒரே ஒரு ப்ரூஃப், அதாவது சோதனைப் பிரதி எடுத்து எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் மூன்று நொடி மட்டும் காட்டிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "ஐஸுக்குள்ளே ஏதோ சிவப்பா இருந்துச்சு, செருப்பா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் போஸ்டர் வேலை செய்கிறது. தலைப்பை "பாலம்" என்று சொன்னால் மீண்டும் ளகரத்துக்குப் போக வேண்டும்.

பொதுச்சுவரில் ஒட்ட வேண்டாம். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே இருக்கிறது. தெரிந்தவரின் டீக்கடை உள்சுவர் கிடைத்தால் வெயில் நேரே படாத பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் மெஜந்தா மையும் மஞ்சள் மையும் முதலில் வெளுத்து, நீலமும் கறுப்பும் மிஞ்சும். பழைய சுவரொட்டிகள் நீலம் பாரித்துத் தெரிவது அதனால்தான். சிவப்பு அச்சாவது அந்த இரண்டு மைகளும் கலந்துதான்; நம் போஸ்டரில் அப்படி முதலில் மறையப்போவது செருப்பின் வார் என்பதால், ஒரு பிரதியை உறையிலிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.